இயலும் அறம்: இளையோரின் போதை அடிமைத்தனமும் விருப்புரிமை என்னும் வினாவும்

போதைப் பழக்கத்துக்கு அடிமையான ஓர் இளைஞனைக் குற்றவாளி என்று கொள்வதா, நோயாளி என்று கொள்வதா என்னும் கேள்வி காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் உரியதன்று. தன் செயலைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆற்றல், அதாவது விருப்புரிமை, மனிதனுக்கு எந்த அளவுக்கு உண்டு என்னும் பழந்தத்துவ வினா அதற்குள் பொதிந்து கிடக்கிறது. இந்தியச் சட்டமே இவ்விடத்தில் இரு குரலில் பேசுகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளமயக்கப் பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, நுகர்வதையே தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 64அ பிரிவோ, நுகர்வு அல்லது சிறிய அளவு தொடர்பான குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசின் ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் சிகிச்சையை முடித்தால் அவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. வேறு விதமாக நடந்திருக்க அவரால் முடியும் என்று முதற்பிரிவு கருதுகிறது. முடியாமற்போயிருக்கலாம் என்று இரண்டாம் பிரிவு இரங்குகிறது. ஆனால் இரங்கும் பிரிவும் ‘தாமாக முன்வந்து’ என்னும் நிபந்தனையை வைக்கும்போது, எந்த ஆற்றலை நோய் பறித்துக்கொண்டதாகக் கருதப்படுகிறதோ அந்த ஆற்றலையே நோயாளியிடம் முன்பணமாகக் கேட்கிறது.

இவ்விரு பார்வைகளும் எதிரெதிர் நிற்பனபோலத் தோன்றினாலும், ஒரு முற்கோளை இரண்டும் சேர்ந்தே ஏற்கின்றன. முழுதாக உருவான விருப்புரிமை ஒன்று மனிதனுக்குள் முன்பே இருந்தது என்றும், அதை அவன் தவறாகச் செலவிட்டான் அல்லது நோய் அதைக் கவர்ந்துகொண்டது என்றும் அவை கொள்கின்றன. நாற்பது வயதில் குடிக்கு அடிமையானவரைப் பற்றி இப்படிப் பேசுவதில் ஓரளவு பொருள் உண்டு. பதினான்கு வயதில் கஞ்சாவைத் தொட்ட சிறுவனைப் பற்றி இப்படிப் பேசுவது பொருந்தாது; பறிபோவதற்கு முழு உரிமை ஒன்று அவனிடம் இன்னும் உருவாகியிருக்கவில்லை. உருவாகிக்கொண்டிருக்கும் ஆற்றலை இடையிலேயே மறிப்பதுதான் இளமைப் போதையின் தனிக்கொடுமை என்பதும், ஆகவே அதற்கான அறநோக்கும் பெரியவர்களுக்கான அறநோக்கிலிருந்து வேறுபட்டே அமைய வேண்டும் என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் நிலைப்பாடாகும்.

அடிமைத்தனம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முன்பு கிடைத்த அதே விளைவைப் பெற அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய நிலை தாங்குதிறன் எனப்படும். பொருள் கிடைக்காதபோது உடல் வியர்த்து, நடுங்கி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உறக்கமின்மையுமாகத் துவள்வது விலகல் துன்பம் எனப்படும். இவ்விரண்டும் உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்வதன் விளைவுகளே. புற்றுநோயின் வலிக்காக நெடுங்காலம் மார்ஃபின் பெறும் முதியவருக்கும் இவை வரக்கூடும், ஆனால் அவரை எவரும் போதைக்கு அடிமை என்பதில்லை. தீங்கு தெரிந்தும், விட்டுவிட வேண்டும் என்று விரும்பியும், மீண்டும் மீண்டும் அதையே நாடிச் செல்லும் கட்டாயம்தான் அடிமைத்தனத்தின் சாரம். இந்தக் கட்டாயம் யாரை எங்கே பிடிக்கிறது என்பதில் வயதுக்கும் வறுமைக்கும் பெரும்பங்கு உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கழகத்தின் போதைச் சார்புச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பில், மற்ற எல்லாப் போதைப்பொருள்களிலும் பெரியவர்களின் விகிதமே மிகுந்திருக்க, பசை, பெயின்ட் தின்னர் போன்றவற்றின் ஆவியை முகரும் பழக்கத்தில் மட்டும் 10 முதல் 17 வயதுக்குட்பட்டோர் 1.17 சதவீதமாகவும் பெரியவர்கள் 0.58 சதவீதமாகவும் இருந்தனர். கடையில் எவரும் தடுக்காமல் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள் இது. பசியை மறக்க அதை முகரும் தெருவோரச் சிறுவன் எதைத் ‘தேர்ந்தெடுத்தான்’ என்று கேட்கும்போதே தேர்வு என்னும் கருத்து தடுமாறத் தொடங்கிவிடுகிறது.

நாடுதலும் இன்புறுதலும் வெவ்வேறு என்பது இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத வேறுபாடு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் ஆகிய இருவரும் 1993இல் முன்வைத்த கொள்கையின்படி, மூளையில் ஒன்றைச் சுவைத்து மகிழும் இயக்கமும் அதை நாடித் துடிக்கும் இயக்கமும் தனித்தனி. போதைப்பொருளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும்போது நாடும் இயக்கம் மட்டும் கூர்மையேறிக்கொண்டே போக, மகிழும் இயக்கம் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. ஆகவேதான் அடிமைப்பட்டவர் தமக்கு இன்பமே தராத ஒன்றுக்காகவும் ஓடுகிறார். இந்த வேறுபாட்டைக் கையாளத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் இறுதிக் காதையில் துறவி அறவண அடிகள் விளக்கும் பன்னிரு சார்புகளுள், புலனும் பொருளும் கூடுவது ஊறு எனவும், அக்கூட்டத்தால் விளையும் இன்பதுன்ப உணர்வு நுகர்வு எனவும், அதன்மேல் எழும் நிறைவறியா நாட்டம் வேட்கை எனவும், அந்நாட்டம் இறுகிப் பிடித்துக்கொள்வது பற்று எனவும் தனித்தனியே பெயர் பெறுகின்றன. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு என்பதும், மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளக்கூடிய இடம் அதுவே என்பதும் பௌத்தத்தின் துணிபு. வளரிளம் பருவத்தில் அந்த இடைவெளி இயல்பாகவே குறுகியது. எழும் உந்துதலை நிறுத்திவைத்து எண்ணிப்பார்க்க உதவும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பது இன்று நரம்பியலில் பரவலாக ஏற்கப்பட்ட செய்தி.

அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆலன் லெஷ்னர், போதை அடிமைத்தனம் ஒரு மூளை நோய் என்று 1997இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். இக்கருத்து செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஒழுக்கங்கெட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு மருத்துவத்தின் கதவை அது திறந்துவிட்டது; மகனைச் சங்கிலியால் கட்டிவைத்த பெற்றோருக்கு வேறு வழி உண்டு என்று காட்டியது. ஆனால் மூளையில் மாற்றம் நிகழ்ந்திருப்பதாலேயே தேர்வுக்கு இடமில்லை என்று முடிவுகட்டினால், அந்த முடிவை வியட்நாம் போரின் ஒரு நிகழ்வு ஏற்க மறுக்கிறது.

1971ஆம் ஆண்டில் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படையினரிடையே ஹெராயின் மலிவாகவும் கலப்படமின்றியும் கிடைத்தது. பெரும்பாலோர் அதை ஊசியில் ஏற்றாமல் புகைத்தே பயன்படுத்தினர். அவர்களுள் மிகப் பலர் இருபதை ஒட்டிய வயதினர். போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அதிபர் நிக்சன் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவித்தார். நாடு திரும்பும் ஒவ்வொரு வீரருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயமாயிற்று. செப்டம்பரில் திரும்பியவர்களுள் ஏறத்தாழ 900 பேரைச் சமூகவியல் அறிஞர் லீ ராபின்ஸ் குழுவினர் தேடிப்பிடித்து நேர்கண்டபோது, அவர்களுள் ஐந்தில் ஒருவர் வியட்நாமில் அடிமைப்பட்டிருந்தது தெரியவந்தது. அன்றைய மருத்துவ நம்பிக்கையின்படி இவர்களுள் பெரும்பாலோர் ஹெராயினுக்கே திரும்பியிருக்க வேண்டும். கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் கூட்டாட்சி மருத்துவமனையில் நெடுநாள் சிகிச்சை பெற்று வெளியேறியவர்களின் கதை அப்படித்தான் முடிந்துகொண்டிருந்தது. நடந்ததோ வேறு. அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களுள் நாடு திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் மட்டுமே. மூன்றாண்டுகளில் அது 12 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுள் பாதிப்பேர் திரும்பிய பின்னும் ஹெராயினைத் தொட்டுப்பார்த்தவர்கள்.

போதைப்பொருளின் வேதியியலில் மட்டுமே அடிமைத்தனம் குடியிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. அச்சமும் சலிப்பும் மரணமும் சூழ்ந்த ஓரிடத்தில் ஒட்டிக்கொண்ட வேட்கை, அந்த இடத்தோடு பெரிதும் விடைபெற்றுக்கொண்டது. இந்த ஆய்வை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொண்டு, சூழலை மாற்றினால் போதும் என்று சொல்லிவிடுகின்றனர். அது அரைகுறைப் படிப்பு. அந்த வீரர்களுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடும், தொழிலும், போருக்கு முன் தாம் எப்படிப்பட்டவர்களாக வாழ்ந்தோம் என்னும் நினைவும் இருந்தன. பதினான்கில் தொடங்கிப் பத்தொன்பதில் சிகிச்சைக்கு வரும் இளைஞனுக்கு, போதைக்கு முந்தைய தன்னிலை என்று நினைவுகூர்வதற்கு ஒரு பிள்ளைப்பருவம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கோபத்தைத் தாங்குவது, காதல் முறிவைக் கடப்பது, தேர்வில் தோற்ற மறுநாள் எழுந்து பல்துலக்குவது ஆகிய எதையும் போதையின்றி ஒருமுறைகூடச் செய்து பழகியிராத அவனிடம் ‘பழைய நிலைக்குத் திரும்பு’ என்றால், திரும்புவதற்கு அவனுக்கு இடமில்லை. 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோருள் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாழ்வில் ஏதேனும் ஒரு கட்டத்தில் மதுச்சார்புக்கு ஆளாகியிருக்க, இருபதுக்குப் பின் தொடங்கியோருள் அது ஏறத்தாழ 10 சதவீதமாகவே இருந்தது. குடும்பச் சூழலும் பிறவி இயல்பும் இரண்டுக்கும் பொதுக்காரணமாக இருக்கலாம் என்ற தடையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இவ்வேறுபாடு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

தத்துவ அறிஞர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் விருப்புரிமையைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டதும் அதே 1971இல்தான். மனிதனுக்கு விருப்பங்கள் இருப்பதோடு, தன் விருப்பங்களைப் பற்றிய விருப்பங்களும் உண்டு என்றும், இந்த இரண்டாம் நிலை விருப்பமே ஆள் என்னும் தகுதியை ஒருவனுக்குத் தருகிறது என்றும் அவர் வாதிட்டார். போதையை நாடும் விருப்பம் தன்னை ஆட்டுவிக்கலாகாது என்று விரும்பியும் தோற்பவன் ஒருவன். ஆட்டுவிப்பதை மனமார ஏற்பவன் இன்னொருவன். எந்த விருப்பம் தன்னை ஆட்டினாலும் அதைப் பற்றிக் கருத்தே இல்லாதவன் மூன்றாமவன். இவ்வகைப்பாடு கூரியதே, எனினும் இதில் வயது என்பதே இல்லை. எப்படிப்பட்டவனாக வாழ வேண்டும் என்னும் இரண்டாம் நிலை விருப்பம் எவருக்கும் பிறவியோடு வருவதன்று. பெற்றோரையும் ஆசிரியரையும் தோழரையும் பார்த்து, போற்றியும் வெறுத்தும், பல ஆண்டுகளில் அது திரள்கிறது. அது திரளும் ஆண்டுகளிலேயே போதை வந்து சேரும்போது, ‘நான் இதை விரும்ப விரும்பவில்லை’ என்று சொல்வதற்குரிய ‘நான்’ இன்னும் பாதியளவே எழும்பியிருக்கிறது.

இதை உணர்த்தும் இரு நிகழ்வுகள் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கப்பட்ட, கிறித்தவச் சிந்தனையாளர் அகுஸ்தீனாரின் ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலில் உள்ளன. ஒன்று அவருடைய தாய் மோனிக்காவின் சிறுவயதைப் பற்றியது. அடக்கமான பெண் என்று நம்பிப் பெற்றோர் அவரைத் திராட்சை மது எடுத்துவர அனுப்புவர். சாடியில் ஊற்றுமுன் அவர் உதட்டின் நுனியை மட்டும் நனைத்துக்கொள்வார். மதுவின்மேல் ஆசையால் அவர் அதைச் செய்யவில்லை, இளமையின் துள்ளலால் செய்தார் என்று மகன் எழுதுகிறார். நாளுக்கு ஒரு துளி கூடிக் கூடி, கடைசியில் சிறுகிண்ணத்தை நிரப்பி ஆவலோடு குடிக்கும் வழக்கமாயிற்று. உடன்செல்லும் பணிப்பெண் ஒருநாள் சண்டையில் அவரைக் குடிகாரி என்று ஏசியபோது, அச்சொல் தைத்து, அன்றே அப்பழக்கத்தைக் கைவிட்டார். வசைச்சொல்லே மருந்தாகும் என்று இதிலிருந்து விதி வகுத்துவிடத் தோன்றும். பிள்ளையைக் கூடத்தில் நிறுத்தி ஊரார் முன் ஏசும் குடும்பங்கள் அந்த விதியைத்தான் நம்புகின்றன. அகுஸ்தீனார் அவ்விதியை வகுக்க மறுக்கிறார். பணிப்பெண் காயப்படுத்தவே எண்ணினாள், குணப்படுத்த எண்ணவில்லை; குணம் வந்தது இறைவனின் செயல், ஆகவே பிறர் தம் சொல்லால் திருந்தினால் எவரும் அதைத் தம் ஆற்றல் என்று கொள்ளலாகாது என்று அவர் எச்சரிக்கிறார். தன்னைப் பற்றிய நல்லெண்ணம் ஒன்று உள்ளே வேரூன்றியிருந்ததால்தான் வசை மோனிக்காவைத் தைத்தது. அந்த எண்ணமே உருவாகாத பிள்ளையிடம் அதே வசை, அவன் யார் என்பதற்கான முதல் விடையாக அமர்ந்துவிடும்.

மற்றொன்று அவருடைய நண்பர் அலிப்பியுசைப் பற்றியது. உரோமையில் சட்டம் பயின்ற அவரை, ஒருநாள் எதிர்ப்பட்ட தோழர்கள் வாட்போர் அரங்குக்கு வலிந்து இழுத்துச் சென்றனர். உடலை இழுக்கலாம், உள்ளத்தை இழுக்க முடியாது என்று சொல்லி அவர் கண்களை இறுக மூடி அமர்ந்தார். கூட்டம் எழுப்பிய பேரொலியில் ஒரு கணம் கண் திறந்தார். அந்தக் குருதிக் காட்சியிலிருந்து பிறகு அவரால் விழியை எடுக்க முடியவில்லை. தாமே மீண்டும் மீண்டும் வரலானார்; அதற்கு மேலாக, பிறரையும் இழுத்து வரலானார். தற்கட்டுப்பாடு என்பதைத் தனியாள் ஒருவனின் நெஞ்சுரம் என்று மட்டும் கருதும் எல்லா அறிவுரைக்கும் இந்த நிகழ்வு விடை சொல்கிறது. அவரிடம் துணிவு இருந்ததேயன்றி வலிமை இல்லை என்பதே அகுஸ்தீனாரின் கணிப்பு. பிறழ்ந்த விருப்பம் இச்சையாகி, பணிந்த இச்சை வழக்கமாகி, தடுக்கப்படாத வழக்கம் கட்டாயமாகும் என்று அதே நூலின் எட்டாம் பகுதியில் அவர் வரையும் படிநிலை, அறவண அடிகளின் சார்புத்தொடருக்கு வெகு அருகில் நிற்கிறது.

ஒஹையோவின் ஆக்ரன் நகரில் 1935இல் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம், மதுவின் முன் தன் ஆற்றல் செல்லாது என்று ஒப்புக்கொள்வதையே முதற்படியாக வைத்தது. ஆற்றலில்லை என்று ஒப்புக்கொள்வதும் ஓர் ஆற்றலே அல்லவா என்று தருக்கவாதிகள் கேட்பர். அங்கே கைவிடப்படுவது தனித்து வெல்வேன் என்னும் எண்ணம். கிடைப்பது அதே துன்பத்தைக் கடந்தோரின் கூட்டு. இருந்தும், ‘நான் அடிமை’ என்னும் அடையாளத்தை வாழ்நாள் முழுவதும் ஏற்கச் சொல்லும் இம்முறை, வேறு அடையாளம் எதுவும் இன்னும் அமையாத பதினேழு வயதினருக்கு அப்படியே பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது.

சமயங்கள் இளையோருக்கு வழங்கக்கூடிய ஆகச் சிறந்த அணுகுமுறை மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் இருக்கிறது. புகார் நகரத்து வணிகனான சாதுவன் மனைவி ஆதிரையைப் பிரிந்து, கணிகை ஒருத்தியின் வீட்டில் தங்கி, சூதில் செல்வமனைத்தையும் இழந்தான்; கையில் பொருள் இல்லை என்று கண்டதும் அவள் அவனை வெளியேற்றினாள். பொருள் தேடி ஏறிய கலம் கடலில் உடைய, பாய்மரத் துண்டொன்றைப் பற்றி மிதந்து, ஆடையற்ற நாகர் வாழும் மலையில் கரையேறினான். நாகர் தலைவன் அவனுக்கு இளம்பெண்ணும் கள்ளும் ஊனும் தருமாறு பணிக்க, சாதுவன் மறுத்து, மறுமையையும் வினையையும் எடுத்துரைத்தான். தலைவன் அதை ஏற்றான். ஆயினும் கள்ளையும் ஊனையும் விட்டால் எங்கள் உடலில் உயிர் தரிக்காது, சாகும்வரை எங்களால் செய்யக்கூடிய அறம் எதுவோ அதைச் சொல் என்று கேட்டான். கலமுடைந்து வருவோரைக் கொல்லாதே, அவர் உயிரைக் காப்பாற்று. முதிர்ந்து தாமே இறக்கும் விலங்கைத் தவிர வேறெவ்வுயிருக்கும் தீங்கு செய்யாதே என்றான் சாதுவன். கள்ளை விடு என்று அவன் அங்கே நிபந்தனை வைக்கவில்லை.

கள்ளை மறுப்பதில் உறுதியாக நின்ற ஒரு சமயத்தின் காப்பியம் இது என்பதை நினைவிற்கொண்டால், இந்த விட்டுக்கொடுப்பின் எடை விளங்கும். மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் தந்து, ஹெராயினை நாடி ஓடும் ஓட்டத்தை முதலில் நிறுத்தும் முறை 1960களில் நியூயார்க்கில் தொடங்கி இன்று இந்தியாவின் அரசு மையங்களிலும் நடைபெறுகிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று சமயப் பற்றாளர்கள் பலர் இதை வெறுக்கின்றனர். முற்றாக விட்டவனே மீண்டவன் என்று அவர்கள் கருதுகின்றனர். அந்த முழுமையை எட்டும் முன் ஊசியால் தொற்றும் நோயிலும் அளவு மீறியதிலும் இளைஞன் இறந்துபோனால், எட்டுவதற்கு ஆளே இல்லை. இயலும் அறத்தைக் கேட்டவனுக்கு இயலும் அறத்தையே சொன்ன சாதுவன், குறிக்கோளைத் தாழ்த்திவிடவில்லை. தான் கள்ளை மறுத்தே நின்றான், எதிரே நிற்பவனுக்கு அடுத்த அடியை மட்டும் காட்டினான். அவனால் அப்படிக் காட்ட முடிந்ததற்கு, சூதில் அனைத்தையும் தோற்றுத் துரத்தப்பட்ட தன் இளமை காரணமா என்று காப்பியத்தை இயற்றிய சாத்தனார் சொல்லவில்லை. ஆனால் நாகரின் பரிசுப்பொருள்களோடு சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் புகாருக்கு அவன் திரும்பியபோது, அவனை ஏற்றுக்கொள்ள ஆதிரை இருந்தாள். இருவரும் சேர்ந்து பல தானங்கள் செய்து வாழ்ந்தனர் என்பதைக் காப்பியம் மறவாமல் பதிவுசெய்கிறது. இன்று சிகிச்சை முடித்து வெளியே வரும் இளைஞர்களுள் எத்தனை பேருக்கு ஏற்றுக்கொள்ள ஒரு வீடும், சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளியும், நம்பி வேலை தர ஒரு முதலாளியும் இருக்கின்றனர் என்பது அவர்களின் மனவுறுதியைச் சோதித்து அறியக்கூடிய கேள்வியன்று. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நடத்தும் சமூகங்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.